சாவி ஆறு பேரிடம்: பூட்டிக் கிடக்கும் வளவு வீட்டுக்கு எந்த அலாரம்?

பித்தளை அண்டா இரண்டும் எப்போது போயின என்று எங்களில் யாருக்கும் தெரியாது. தை மாதம் முன்னோருக்குப் படைப்புப் போடப் போனபோது வீட்டின் உள்பகுதியான இரண்டாங்கட்டில் இருந்தன. ஆவணியில் ஒரு கல்யாணத்துக்காக வீட்டைத் திறந்தபோது இல்லை. பின்வாசல் தாழ்ப்பாளை நெம்பித் திறந்தவன், வேலை முடிந்ததும் கதவை ஒழுங்காகச் சாத்திவிட்டுப் போயிருக்கிறான். நடுவில் ஏழு மாதம். புகார் கொடுக்கப் போன இடத்தில் "என்னைக்குப் போச்சு?" என்ற முதல் கேள்விக்கே எங்களிடம் பதில் இல்லை.

காரைக்குடியிலிருந்து 12 கிலோமீட்டரில் எங்கள் ஊர். ஆறு பங்காளிகளுக்குப் பொதுவான வீடு, நடுவே வளவு என்று நாங்கள் சொல்லும் திறந்த முற்றம். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில், இடையே 160 அடி. ஆளுக்கொரு சாவி. இரண்டு பேர் சென்னையில், ஒருவர் கோவையில், சித்தப்பா சிங்கப்பூரில், தம்பி டாலஸில். அண்ணன் ஒருவர் மட்டும் காரைக்குடியில் இருக்கிறார். அலாரம் வைப்பது என்று முடிவானதும் வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு லிங்க் அனுப்பினார்கள். எதை வாங்குவது என்று பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஓராண்டு தட்டுத்தடுமாறிய பிறகு தெரிந்ததை எழுதுகிறேன். இதே நிலையில் கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் தேவகோட்டையிலும் எத்தனையோ வீடுகள் இருக்கின்றன.

முதலில் ஒரு விஷயம். நகரத்து அடுக்குமாடிக்கு எழுதிய அறிவுரை நம் வீட்டுக்கு ஒத்துவராது. அங்கே நகைக்கும் பணத்துக்கும் வருகிறார்கள். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். நம் வீட்டில் நகை எங்கே இருக்கிறது? அது எப்போதோ பேங்க் லாக்கருக்குப் போய்விட்டது. இங்கே இருப்பது அண்டா, குத்துவிளக்கு, எனாமல் தூக்குச்சட்டி, பெல்ஜியம் கண்ணாடி, பர்மா தேக்குக் கதவு, தூண். இதற்கெல்லாம் வாங்க ஆள் உண்டு. ஆனால் ஒரு நிலைக்கதவைப் பெயர்க்க ராத்திரி முழுக்க வேண்டும். அண்டாவைத் தூக்கிப்போகவே வண்டி வேண்டும். ஆக, திருடனுக்கு நேரம் தேவை. அலாரம் அடித்து இருபது நிமிடம் கழித்து ஒரு ஆள் வந்து டார்ச் அடித்தால்கூட நமக்குப் பாதி வெற்றி. இதனால்தான் "எந்த சென்சார் நல்ல சென்சார்?" என்ற கேள்வியைப் பின்னால் தள்ளிவிட்டு, "சேதி யாருக்கு, எந்த வழியாகப் போகும்?" என்பதை முன்னால் வைத்தேன். வாங்கிய வரிசை மட்டும் தலைகீழ். அதைப் பின்னால் சொல்கிறேன்.

சித்தப்பாவின் வாக்கு கேமராவுக்கு. "சும்மா நாலு கேமராவைப் போட்டுரு, எல்லாரும் போன்ல பாத்துக்கலாம்" என்றார். கேமரா நடந்ததைக் காட்டும், ஆனால் நடப்பதைத் தடுக்காது. சைரன் உள்ள கேமராக்கள் உண்டு, ஆனால் அந்தச் சத்தம் இரண்டு கட்டு தாண்டாது. மெமரி கார்டில் மட்டும் பதிவாகும் கேமராவைத் திருடன் கழற்றிக்கொண்டு போனால் சாட்சியும் கூடவே போய்விடும். க்ளவுடில் சேமிக்க மாதச் சந்தாவும், ஓயாத இன்டர்நெட்டும் வேண்டும். இதையெல்லாம் விடப் பெரிய தடை அப்பத்தாவிடமிருந்து வந்தது. "திருவிழாவுக்கு வந்து நான் வளவுல உக்காந்து தலை ஆத்துறதை நீ மெட்ராஸ்ல இருந்து பாப்பியாக்கும்?" என்று கேட்டார். பொது வீட்டில் உள்ளே கேமரா வைப்பது ஆறு குடும்பத்தின் சம்மதம் சம்பந்தப்பட்ட விஷயம். வெளியே பின்வாசலைப் பார்த்தபடி ஒன்று போதும் என்று முடித்துக்கொண்டோம். அதுவும் அலாரம் அடித்த பிறகு உண்மையா பொய்யா என்று பார்க்கத்தான்.

டாலஸ் தம்பி தன் வீட்டில் வைத்திருக்கும் அலாரம் செட்டையே லீவில் கொண்டுவருவதாகச் சொன்னான். நல்ல பொருள்தான், ஆனால் வேண்டாம் என்றேன். அமெரிக்காவில் விற்கும் பல செட்டுகளில் சென்சாரும் பெட்டியும் 908 அல்லது 915 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பேசிக்கொள்ளும். இந்தியாவில் அந்தப் பக்கத்து அலைவரிசையில் இந்த மாதிரிச் சிறு கருவிகளுக்கு உரிமம் இல்லாமல் விட்டிருப்பது 865 முதல் 868 வரை. நம் ஊரில் 908 என்பது மொபைல் கம்பெனிகள் ஏலத்தில் காசு கொடுத்து எடுத்த இடம். சென்சார்கள் பேசிக்கொள்ளும் ரேடியோ முறைகளில் ஒன்றான இசட்-வேவ் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் நாட்டுக்கு நாடு அலைவரிசை வேறு: அமெரிக்கப் பொருள் 908.4, இந்தியப் பொருள் 865.2. இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. வெளிநாட்டிலிருந்து அலாரம் கொண்டுவர நினைப்பவர்கள் பெட்டியின் பின்பக்க எண்ணை முதலில் பாருங்கள்.

மீதி இருந்தவை உண்மையில் இரண்டு வழிகள். ஒன்று, வைஃபையில் ஓடும் ஆப் செட். இன்னொன்று, சிம் போட்ட பேனல்.

ஆப் செட் பார்க்க அழகு. ஒரு சிறு ஹப், அதோடு ஜிக்பீ என்ற குறுந்தூர ரேடியோ வழியாகப் பேசும் சென்சார்கள், எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்கும். பேட்டரி ஓராண்டுக்கு மேல் வரும். எந்தக் கதவு எத்தனை மணிக்குத் திறந்தது என்று ஆப் வரிசையாகக் காட்டும். எங்கள் ஏழு மாத மர்மத்துக்கு அது ஒன்றே போதும் என்று நினைத்து இதைத்தான் முதலில் வாங்கினேன்.

மூன்று இடத்தில் இடித்தது. முதலில் சுவர். ஜிக்பீ, வைஃபை இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ். செங்கல்லும் சுண்ணாம்புமாக இரண்டடி கனத்தில் கட்டிய சுவரைத் தாண்டுவதற்குள் அலை களைத்துவிடும். முகப்பில் வைத்த ஹப்புக்கு இரண்டாங்கட்டு சென்சார் எட்டவே இல்லை. நடுவில் கரண்டில் ஓடும் ஜிக்பீ ப்ளக் ஒன்றைச் செருகினால் அது வாங்கிக் கடத்தும். அந்த வசதி உண்மைதான். ஆனால் ஊருக்குப் போகும்போது எல்லாரும் செய்யும் முதல் வேலை என்ன? மெயின் ஸ்விட்சை அணைப்பது. கோவைப் பங்காளி வந்துவிட்டுப் போன அன்றே பாதி வீடு ஆப்பில் ஆஃப்லைன் ஆனது.

அடுத்தது இன்டர்நெட். ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் கரண்ட் வேண்டும். 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்கி வைத்தால் சில மணி நேரம் தாங்கும். ஆனால் ஃபைபர் கேபிள் முகப்புத் தூணைச் சுற்றித் தொங்கிக்கொண்டுதான் உள்ளே வருகிறது. அறுக்க அரிவாள்மனை போதும். அதோடு, வருடத்தில் நாற்பது நாள் இருக்கும் வீட்டுக்கு மாதாமாதம் பிராட்பேண்ட் கட்டணம்.

மூன்றாவதுதான் முக்கியம்: நோட்டிஃபிகேஷன். ராத்திரி 2 மணிக்கு ஆப் "டிங்" என்று ஒரு சத்தம் கொடுக்கும். தூங்குபவன் எழ மாட்டான். பல ஆண்ட்ராய்டு போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்த ஆப்பைத் தூங்க வைத்துவிடும். செட்டிங்ஸில் போய் அந்த ஆப்புக்கு மட்டும் விலக்குக் கொடுக்க வேண்டும். நான் கொடுத்தேன். காரைக்குடி அண்ணனுக்கு வயது 63. அவர் போனில் அதைச் செய்துவிட்டு வந்தேன். அடுத்த மாதம் அவர் போனை மாற்றிவிட்டார்.

அப்புறம்தான் சிம் போட்ட பேனலுக்குப் போனேன். சுவரில் மாட்டும் ஒரு பெட்டி, அதற்குள் ஒரு சிம், ஒரு பேட்டரி. சென்சார்கள் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸில் பேசும். அலைவரிசை குறைவாக இருப்பதால் சுவரைக் கொஞ்சம் நன்றாகவே தாண்டும். கதவு திறந்தால் பேனல் நாம் பதிந்துவைத்த எண்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடும், எஸ்எம்எஸ்ஸும் அனுப்பும். போன் மணி அடிக்கிறது, எடுத்தால் அலாரம். அண்ணனுக்கு ஆப் வேண்டாம், செட்டிங்ஸ் வேண்டாம். அந்த எண்ணைப் பெயரோடு சேமித்து நட்சத்திரம் போட்டுவிட்டால், தொந்தரவு செய்யாதே என்று வைத்திருந்தாலும் மணி அடிக்கும்படி செய்யலாம். ஐபோனில் அந்தத் தொடர்புக்கு எமர்ஜென்சி பைபாஸ் என்று ஒன்று இருக்கிறது.

இதிலும் குழிகள் உண்டு. விலை குறைந்த பேனல்கள் பல 2ஜி மட்டும் எடுப்பவை. ஜியோ 2016இல் தொடங்கியதே 4ஜியில்தான், அதற்கு 2ஜி கிடையாது. ஆகவே அந்தப் பேனலில் ஜியோ சிம் வெறும் பிளாஸ்டிக். 4ஜி பேனல் என்று போட்டிருந்தாலும் டேட்டாவுக்கு மட்டும் 4ஜி, அழைப்புக்கு 2ஜிக்கு இறங்குவது என்று சில உண்டு. கடைக்காரரிடம் "4ஜியா?" என்று கேட்பதைவிட "வோல்டேயில் கால் போகுமா?" என்று கேளுங்கள்; 4ஜியிலேயே அழைப்புப் போவதற்கு அதுதான் பெயர். வாங்குவதற்கு முன் வீட்டுக்குள் பேனல் மாட்டப்போகும் இடத்தில் நின்று, எந்த சிம்முக்கு சிக்னல் நிற்கிறது என்றும் பார்த்துவிடுங்கள். எங்கள் வீட்டில் முகப்பில் எல்லாக் கம்பெனியும் நன்றாக எடுத்தன. உள்ளறைக்குள் ஒன்றுகூட இல்லை.

இன்னொரு குழி ரீசார்ஜ். காலாவதியான சிம்மில் முதலில் நிற்பது வெளியே போகும் அழைப்பு. பேனலோ ஒன்றும் நடக்காதது போலப் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டிருக்கும். எங்களுக்கு அப்படி ஐந்து வாரம் போனது. தப்பு எங்களுடையதுதான், அந்த எண்ணுக்கு வந்த நினைவூட்டல் எஸ்எம்எஸ் எல்லாம் பேனலுக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது, அதைப் படிக்க அங்கே யார் இருக்கிறார்கள்? டேட்டா இல்லாமல் அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் திட்டம் வைக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி போட்டது. அதற்குப் பிறகு வந்த ஓராண்டுத் திட்டங்கள் இந்த வேலைக்குச் சரியாகப் பொருந்தும். பொங்கலன்று ரீசார்ஜ் செய்வது என்று இப்போது வைத்திருக்கிறோம்.

433 மெகாஹெர்ட்ஸ் மலிவு சென்சார்களின் உண்மையான குறை வேறு. அவை ஒருவழிப் பேச்சு. "கதவு திறந்தது" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடும். பேனலுக்குக் கேட்டதா என்று அதற்குத் தெரியாது. சென்சாரின் பேட்டரி செத்துப்போனால் பேனலுக்கும் தெரியாது. இந்த மலிவு செட்டுகளின் ரிமோட் குறியீட்டைக் காற்றிலிருந்து பிடித்துத் திரும்ப ஒலிபரப்பி அலாரத்தை அணைக்கலாம் என்பதும் நிஜம். ஆனால் எங்கள் பின்வாசலுக்கு வந்தவன் கடப்பாரையோடு வந்தான், ரேடியோவோடு வரவில்லை. நான் பயப்படுவது செத்த பேட்டரிக்குத்தான். இந்தக் குறை இல்லாத இருவழி செட்டுகள் இருக்கின்றன. சென்சாரும் பேனலும் சில நிமிடத்துக்கு ஒருமுறை நலம் விசாரித்துக்கொள்ளும், ஒன்று காணாமல் போனாலும் சேதி வரும். காசு இருப்பவர்கள் அதையே வாங்குங்கள். சென்சார் ஒன்றின் விலையைப் பதினாலால் பெருக்கிப் பார்த்ததும் எங்கள் குழுவில் ஒருநாள் முழுக்க யாரும் பேசவில்லை.

மென்பொருள் படித்த மருமகன் ஒருவன் எல்லாவற்றையும் தானே செய்து தருவதாகச் சொன்னான். செய்வான். அவன் கனடா போய்விட்டால் யார் பார்ப்பது?

இனி பொருத்துவது பற்றி. இதில்தான் வீடு நம்மோடு மல்லுக்கட்டும்.

மோஷன் சென்சாரை வளவில் வைக்காதீர்கள். நான் வைத்தேன். முதல் ராத்திரியே 11 முறை அடித்தது. வானம் பார்த்த வளவில் வௌவால் வரும், புறா வரும், பூனை வரும். "செல்லப்பிராணிக்கு அடிக்காது" என்று பெட்டியில் போட்டிருப்பது தரையில் நடக்கும் நாயை மனதில் வைத்து. லென்ஸுக்கு ஓரடி முன்னால் பறக்கும் வௌவால் அதற்கு ஆள் அளவு தெரியும். ஒருமுறை உள்ளறையில் அடித்தபோது அண்ணன் போய்ப் பார்த்தார். சென்சாரின் வெள்ளை முகத்தின் மேல் ஒரு பல்லி ஒட்டிக்கொண்டு, லென்ஸின் குறுக்கே வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. பிறகு அதைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவச் சொல்லி யாரோ யோசனை சொன்னார்கள். நான் இடத்தை மாற்றினேன், அடிப்பது நின்றது.

இந்த சென்சார் பார்ப்பது உடம்புச் சூட்டுக்கும் பின்னால் உள்ள சுவரின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. சித்திரை, வைகாசியில் மாடி அறை பூட்டிக் கிடந்தால் சுவரே 36, 37 டிகிரிக்குப் போய்விடும்; அப்போது ஆள் நடந்தாலும் அதற்குச் சரியாகத் தெரியாது. கனத்த சுவர் உள்ள கீழ் அறைகள் குளிர்ச்சியாகவே இருப்பதால் அங்கே தொல்லை இல்லை. ஆக, சாமான் வைத்துப் பூட்டிய கீழ் அறைகளுக்கு மட்டும் மோஷன் சென்சார். மற்ற எல்லாக் கதவுக்கும் காந்த சென்சார்.

காந்த சென்சார் எளிமையானது. ஒரு துண்டு நிலையில், ஒரு துண்டு கதவில். இடைவெளி ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டினால் அடிக்கும். நம் கதவுகள் நூறு வயது. கீல் தளர்ந்து, ஐப்பசி மழையில் மரம் ஊதி, கதவு சாத்தியபடியே விரல் கனம் நகரும். அதனால் முதலில் வைத்த இரண்டும் மழைக்காலத்தில் பொய்யாக அடித்தன. இரட்டைக் கதவில் எந்தப் பக்கம் முதலில் திறக்கிறதோ அதில் வையுங்கள். இரும்புப் பட்டைக்குப் பக்கத்தில் வைத்தால் காந்தத்தின் எட்டும் தூரம் குறையும். பித்தளைக் குமிழால் பாதகமில்லை. ஸ்க்ரூ? சித்தப்பா காதில் விழுந்தால் அவ்வளவுதான். செதுக்கு வேலையில் ஆணி அடிக்க எனக்கும் மனம் வரவில்லை. இரட்டை ஒட்டு டேப்போ, எண்ணெய் துடைத்துப் பழகிய தேக்கில் மூன்று நாள்தான் நின்றது. கடைசியில் தச்சர் ஒருவர் கதவின் உள்பக்கக் குறுக்குச் சட்டத்துக்கும் நிலைக்கும் இடையில் சின்ன மரக்கட்டை இரண்டைச் செருகி, அதில் பொருத்திக் கொடுத்தார். எப்போது வேண்டுமானாலும் உருவி எடுத்துவிடலாம், கதவில் ஒரு கீறல் இல்லை.

வருடம் முழுக்கத் திறக்காத கதவுகளுக்கு அதிர்வு சென்சார் ஒன்று சேர்த்தேன். திறக்காமல் பலகையை அறுப்பவனைக் காந்தம் கண்டுபிடிக்காது, அதிர்வு கண்டுபிடிக்கும்.

பேனலை முகப்பில் மாட்டத்தான் எல்லாருக்கும் கை போகும். நான் வளவைச் சுற்றி ஓடும் தாழ்வாரத்தில், நிலைக்கண்ணாடிக்குப் பின்னால் மாட்டினேன். வளவு திறந்த வெளி என்பது இங்கே நமக்கு லாபம்: நாலு பக்க அறைக் கதவுகளுக்கும் அலை தடையில்லாமல் போகிறது, சிம்முக்கும் மேலிருந்து சிக்னல் இறங்குகிறது. ஒரு சிக்கல் மட்டும். முகப்பைத் திறந்து இருட்டில் வளவு வரை நடந்து ரகசிய எண் அழுத்துவதற்குள், பெட்டி கொடுக்கும் 30 விநாடி போதவில்லை. அப்பத்தாவோடு வந்தால் இரண்டு நிமிடம்கூடப் போதாது. முகப்பிலேயே ஒரு தனிக் கீபேட் வைத்த பிறகுதான் சண்டை ஓய்ந்தது. ஆளுக்கொரு ரகசிய எண் கொடுத்திருக்கிறோம்; யார் எப்போது திறந்தார்கள் என்று பதிவாகும். இது திருடனைவிடப் பங்காளிகளுக்கே அதிகம் பயன்படுகிறது, அதை இங்கே விரிக்க வேண்டாம்.

சைரன் இரண்டு. ஒன்று உள்ளே, ஒன்று பின்வாசல் பக்கம் ஏணிக்கு எட்டாத உயரத்தில். எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீட்டில் விளக்கெரிவது நாலு. சைரன் யாரையும் அழைத்துவரும் என்று நம்பவில்லை. உள்ளே இருப்பவன் பதறினால் போதும்.

அழைப்பு வரிசைக்கு நாங்கள் இரண்டு தடவை கூட்டம் போட்டோம். முதல் எண், பக்கத்துத் தெருவில் இருந்து வந்து வீட்டைக் கூட்டிப் பெருக்கும் அக்காவின் மகன். சைக்கிளில் நாலு நிமிடம். அவன் உள்ளே போகக் கூடாது, தெருமுனையில் நின்று பார்த்துவிட்டு அண்ணனுக்குச் சொல்ல வேண்டும் என்பது கண்டிப்பு. இரண்டாவது அண்ணன், மூன்றாவது நான். 100, 112 இரண்டையும் பேனலில் பதியவில்லை. வௌவாலுக்கெல்லாம் போலீஸைக் கூப்பிட்டால் நிஜமாகக் கூப்பிடும் நாளில் யார் வருவார்கள்? ஸ்டேஷனுக்கு நேரில் போய், வீடு பூட்டிக் கிடக்கிறது, அலாரம் இருக்கிறது, பேச வேண்டிய எண் இது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

சிங்கப்பூருக்கும் டாலஸுக்கும் இந்த சிம்மிலிருந்து அழைப்புப் போகாது. அவர்களுக்காகப் பழைய ஆப் செட்டைத் தூக்கி எறியாமல் வைத்துக்கொண்டேன். அதன் ஹப்பும் மூன்று சென்சாரும் முகப்புப் பக்கம் ஓடுகின்றன, பின்வாசல் கேமராவும் அதில்தான். எங்களுக்கு ராத்திரி 2 மணி என்றால் டாலஸில் முந்தின நாள் மதியம் இரண்டரை அல்லது மூன்றரை. ஊரே தூங்கும்போது முழித்திருக்கும் ஒரே பங்காளி தம்பிதான். ஆப்பில் சேதி வந்தால் அவன் கேமராவைப் பார்த்துவிட்டு எனக்கு வாட்ஸ்அப்பில் போன் போடுவான். வீட்டுக்கு வராதவன் என்று அவனைச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் இப்போது சொல்வதில்லை.

மொத்தச் செலவு, தச்சர் கூலி சேர்த்து, ரூ.19,400. இதில் முதலில் அவசரப்பட்டு வாங்கிய ஆப் செட்டின் பங்கு 7 ஆயிரம். பட்ஜெட் பத்தாயிரத்துக்குள் என்றால் ஆப் செட்டை விட்டுவிட்டு, வோல்டே உள்ள சிம் பேனலும் எட்டு காந்த சென்சாரும் வாங்குங்கள். வீட்டில் ஆள் எப்போதும் இருந்து, ஃபைபரும் இன்வெர்ட்டரும் ஓடுகிற வீடு என்றால் ஆப் செட்டே தாராளம். சுவரைத் தாண்டத்தான் அந்த ஜிக்பீ ப்ளக் இருக்கிறதே.

மாதப் பிறப்பன்று காலையில் அக்கா விளக்கேற்ற வருவார். கீபேடைத் தொடாமல் பின்வாசல் வழியாக வரச் சொல்லியிருக்கிறேன். சைரன் அலறும், என் போன் அடிக்கும், நான் எடுத்து ஆஃப் செய்துவிட்டு அவரைக் கூப்பிடுவேன். "அடிச்சுச்சா தம்பி?" என்பார். "அடிச்சுச்சுக்கா, அடுத்து உள்ளறைக் கதவைத் திறங்க" என்பேன். பதினாலு சென்சாரையும் அப்படி ஒன்றொன்றாகத் திறந்து பார்க்க அரைமணி ஆகிறது. போன மாதம் ஆறாவது கதவில் சத்தம் வரவில்லை. பேட்டரி. மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, போனில் நான் சொல்லச் சொல்ல, அக்காவே மாற்றிவிட்டார்.